முடிச்சுப் பொட்டலத்துக்கு ஓர் ஆள் தேவை

பொட்டலக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று அவருடைய மச்சினனிடம் யாராவது கேட்டால், "காலேஜ்ல கம்ப்யூட்டர் ரூமைப் பாத்துக்கிறார்" என்பதோடு வாயை மூடிக்கொள்வான். அது சம்பளம் வருகிற வேலை. சம்பளம் வராத இன்னொரு வேலையை விளக்கப் போய் அவன் ஒருமுறை மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனுடைய செல்போன் கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு அம்மாள், "மாமா எப்படி இருக்கார்?" என்று சும்மா கேட்டார்.

"நல்லா இருக்கார். சாயங்காலம் ஆனா உக்காந்து பொட்டலம் கட்டுறார்."

"மளிகைக் கடையா, மருந்துக் கடையா?"

"ரெண்டும் இல்லைங்க. கணக்குப் பொட்டலம். யாரோ போட்ட கணக்கை இவர் கட்டி, யாருக்கோ கொடுக்கிறார். காசெல்லாம் வாங்க மாட்டார்."

அந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்து, பொட்டலக்காரரை நல்லா ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, அவர் மனைவியின் கையைப் பிடித்துத் தைரியமும் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையில் விஷயம் அவ்வளவு மோசமில்லை. கணிதக்காரர்களுக்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம். கூட்டல் கழித்தலில் தொடங்கி, பெயரைக் கேட்டாலே கொட்டாவி வருகிற சமாச்சாரம் வரைக்கும் அது போடும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் திணிக்க முடியாது. ஆகையால் அவரவருக்கு எதன்மேல் பைத்தியமோ அதற்கு அவரவரே ஒரு துணைத் தொகுப்பு எழுதி வெளியில் விடுவார்கள். தரையில் இடைவெளி விழாமல் ஓடு பதிப்பதற்கு ஒருவர். சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைத்தால் போதும் என்பதற்கு ஒருவர். எழுதி முடித்ததும் அவர்களுக்கு அதன்மேல் இருந்த அக்கறை போய்விடும். தன் கணினியில் ஓடினால் சரி, ஊரான் கணினியில் ஓடினால் என்ன, படுத்தால் என்ன என்று அடுத்த பைத்தியத்துக்குப் போய்விடுவார்கள்.

அங்கேதான் நம் ஆள் வருகிறார். அநாதையாகக் கிடக்கிற தொகுப்புகளைப் பொறுக்கி எடுப்பார். வேறு கணினிகளில் ஏறுகிறதா என்று பார்ப்பார். விட்டுப்போனதைச் சேர்த்து, ஒழுங்காகக் கட்டி, இணையத்தில் அதற்கென்று வைத்திருக்கிற பக்கத்தில் அடுக்குவார். கணிதத் துறைக் கூட்டம் ஒன்றில், "பேக்கேஜ்னு சொல்றதுக்குப் பதிலா பொட்டலம்னு சொன்னா என்ன சார்?" என்று அவர் எழுந்து கேட்டார். அந்தச் சொல்லை மென்பொருளுக்கு யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வைத்துவிட்டார்கள்.

அடுக்கி வைப்பதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒவ்வொரு பொட்டலத்தைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை எழுதி, உலகெங்கும் இருக்கிற குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் அவர்தான். அங்கே அவருக்குள் இருக்கிற கல்யாணத் தரகர் வெளியே வந்துவிடுவார். முடிச்சுப் பொட்டலத்தைப் பற்றி அவர் எழுதியது இப்படி இருந்தது: "அடக்கமான தொகுப்பு. கணினியில் அதிக இடம் கேட்காது. வேறெந்தத் தொகுப்பையும் சார்ந்து நிற்காததால் கூட்டுக்குடும்பத் தொல்லை கிடையாது. விளக்கக் குறிப்புகள் உண்டு. எழுதியவர் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்." கடைசி வரியை மட்டும் அவர் மனைவி அடிக்கச் சொன்னார்.

முடிச்சுப் பொட்டலத்தை எழுதியவர் ஒரு பெண். ஒரு காலத்தில் முடிச்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து, பாதியில் விட்டு, கல்யாணம், குழந்தை, காப்பீட்டு அலுவலக வேலை என்று ஆகிவிட்டவர். குழந்தை தூங்குகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினார். இரண்டு முடிச்சுகளைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றுதானா, வேறா என்று அது சொல்லும். ஒரு சிக்கல் என்றைக்காவது அவிழுமா, எந்தக் காலத்திலும் அவிழாதா என்று சொல்லும். இதை எழுதியவர் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குகிறவர் என்றாலும், போனில் நன்றாகப் பேசுவார். பொட்டலக்காரரை முதல் போனிலேயே அண்ணா ஆக்கிவிட்டார்.

அந்த இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பொட்டலத்துக்குக் கீழும் ஓர் எண் உண்டு. இதுவரை எத்தனை முறை இறக்கிக்கொள்ளப்பட்டது என்ற எண். மற்றதெல்லாம் நொண்டியடித்துக்கொண்டிருக்க, முடிச்சுப் பொட்டலத்தின் எண் மட்டும் சில மாதங்களாகக் குதித்துக் குதித்து ஏறியது. பொட்டலக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்குக் காரணம் தன்னுடைய உரைநடை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"நிஜமாவா அண்ணா? தினமுமா?"

"தினமும்மா. ஒரு நாள் விடாம எடுக்கிறாங்க."

பின்னாலிருந்து ஒரு குரல், "யாரும்மா போன்ல?" என்றது. அது அந்தப் பெண்ணின் மாமியார்.

"உலகம் பூரா என்னோடதை எடுக்கிறாங்களாம் அத்தை!"

"எதை?" என்று மாமியார் பதறிப்போய் வருகிற சத்தம் கேட்டது.

விஷயம் புரிந்த பிறகு மாமியார்தான் அதிகம் பேசினார். அடுக்குமாடியில் மேல் வீடு, கீழ் வீடு, லிப்டில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாருக்கும் தெரிந்துபோனது. பொட்டலக்காரர் தன் பங்குக்கு, அறிமுகத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: "நாள்தோறும் பலர் எடுத்துச் செல்கிறார்கள்."

இப்படியிருக்கும்போது ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண்ணே கூப்பிட்டார்.

"அண்ணா, ஆபீஸ்ல எனக்குப் பதவி உயர்வு கொடுக்கிறாங்க. வேற ஊர் கிளைக்கு மேலாளர்."

"அடடே! நல்ல சேதிதானே."

"தினமும் ரயில்ல போய்ட்டு வரணும். வீட்டுக்கு வந்தா சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கும். அடுத்த பதிப்பை அப்புறம் மறந்துட வேண்டியதுதான். திங்கக்கிழமை பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவரு, உன் இஷ்டம்ங்கிறார். அத்தைதான், தினமும் இத்தனை பேர் உன்னை நம்பி இருக்காங்க, அவங்களை விட்டுட்டு எங்க போவேங்கிறாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

பொட்டலக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல முடிவும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அதை மனைவியிடம் சொன்னார். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்கக் குட்டிக் குட்டிக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். எதையும் நம்புவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பது அவருடைய தொழில் புத்தி.

"யாரு எடுக்கிறாங்க?"

"ஜனங்கதான்."

"எந்த ஜனங்க?"

"அதெல்லாம் தெரியாது. எண்ணிக்கைதான் தெரியும்."

"எந்த நேரத்துல எடுக்கிறாங்க?"

"காலையில. எல்லாரும் காலையிலதான் எடுக்கிறாங்க. கணக்குக்காரங்க சுறுசுறுப்பானவங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமையும் அதே நேரத்துக்குத்தான்."

மனைவி நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். அது நல்ல அறிகுறி அல்ல.

"காலையில உங்க காலேஜ் மெஷின் ஏதோ பண்ணும்னு சொல்வீங்களே?"

"சோதனை. எல்லாப் பொட்டலத்தையும் புதுசா இறக்கி ஏத்தி, சரியா ஓடுதான்னு பாக்கும். தானாவே நடக்கும். நான் எழுதி வச்சதுதான்."

"எங்க லேப்ல காலையில முதல் வேலையா மெஷினுக்குள்ள ஒரு ரத்தம் ஓட்டுவோம். அதுல என்ன இருக்குன்னு முன்னாடியே தெரியும். மெஷின் சரியா சொல்லுதான்னு பாக்கத்தான் அது. சாயங்காலம் எத்தனை நோயாளி வந்தாங்கன்னு டாக்டர் கேட்டா, அந்தக் குழாயையும் சேத்து எண்ணிச் சொல்வோமா, என்னங்க?"

பொட்டலக்காரர் மேசைப் பக்கம் திரும்பினார். சாப்பாட்டு மேசையின் மூலையில் அவர் எப்போதும் உட்கார்கிற இடத்தில் மேசை விசிறி இப்படியும் அப்படியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இல்லை, இல்லை என்று சொல்வதுபோல் இருந்தது அவருக்கு.

மறுநாள் கல்லூரிக் கணினிக் கூடத்தைத் திறந்ததும், செருப்பைக்கூட வெளியில் விடாமல் உள்ளே போய்ப் பார்த்தார். மனைவி சொன்னதைவிட மோசம். மற்றப் பொட்டலங்களைச் சோதிப்பதற்கு முன்னால், சோதனை செய்கிற ஏற்பாடே சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒன்றை முதலில் ஏற்ற வேண்டும். எதையும் சாராத, சின்னதான, தொல்லை கொடுக்காத ஒன்று வேண்டும். அதற்கு முடிச்சுப் பொட்டலத்தைச் சில மாதங்களுக்கு முன்னால் அவரே தேர்ந்தெடுத்து எழுதி வைத்திருந்தார். மற்றப் பொட்டலங்களை ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டாலும், கூடத்தில் வரிசையாக இருந்த அத்தனை கணினிகளும் காலையில் கண்ணைத் திறந்ததும் முதல் காரியமாக முடிச்சுப் பொட்டலத்தை இறக்கிக்கொண்டன. அடக்கமாக இருப்பதற்குக் கிடைத்த பலன் அது.

தன் கணினிகளின் பங்கை எண்ணிலிருந்து கழித்தார். எண் சரிந்து, சரிந்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றது.

ஒன்று. அதை அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். யாரோ ஒருவர், போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம், கல்லூரிக்கு வெளியே எங்கிருந்தோ எடுத்திருக்கிறார்.

உடனே போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். கை போன் வரைக்கும் போயிற்று. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. திங்கட்கிழமைக்குள் நிஜமாகவே சில பேரை எடுக்க வைத்துவிட்டால், தான் எழுதியது பொய்யாகாதே? தரகருக்கே உரிய யோசனை. மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் வேலை தேடிக் கொடுப்பதுபோல.

சனிக்கிழமை காலை கடைத்தெருவுக்குப் போனார். கயிற்றுக் கடை வாசலில் கயிறுகள் வளையம் வளையமாகத் தொங்கின. கடைக்காரர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு பெரிய சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். பொட்டலக்காரருக்கு அந்தக் காட்சி நல்ல சகுனமாகப் பட்டது.

"உங்களுக்கு உதவுற மாதிரி ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர்ல. இந்தச் சிக்கல் அவிழுமா அவிழாதான்னு சொல்லிடும்."

"அவிழ்த்துக் கொடுக்குமா?"

"அவிழ்க்காது. சொல்லும்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு அவ்வளவுதான். ஆனா முதல்ல கயித்தோட ரெண்டு முனையையும் ஒண்ணா ஒட்டணும்."

கடைக்காரர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "ஒட்டிட்டா நான் யாருக்கு விக்கிறது?"

"கணக்குல அப்படித்தாங்க. முனை ரெண்டும் சும்மா இருந்தா எந்தச் சிக்கலும் எப்படியாவது அவிழ்ந்துடும். அதுல கணக்கே இல்ல."

"எனக்கும் கணக்கே வேண்டாம் சார்" என்று கடைக்காரர் கும்பிட்டார். "கத்திரிக்கோல் இருக்கு."

அங்கிருந்து மச்சினன் கடைக்கு. காதில் மாட்டுகிற ஒயர்கள் ஒரு பெட்டியில் புழுக்கூட்டம்போலக் கிடந்தன. அதைப் பார்த்ததும் பொட்டலக்காரருக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. மச்சினன் எதையும் விசாரிக்கவில்லை.

"மாமா, எங்க அமுக்கணும், எத்தனை தடவை அமுக்கணும், அதை மட்டும் சொல்லுங்க. கடை ஆளுங்க, பக்கத்துக் கடை, டீக்கடை எல்லார் கைல இருக்கிறதையும் வாங்கி அமுக்கித் தள்ளிடறேன்."

"மாப்ள, அதுக்கில்ல. உனக்கு நிஜமாவே முடிச்சு மேல ஆர்வம் இருக்கா?"

"எனக்கு உங்க மேல ஆர்வம் இருக்கு மாமா. போதாதா?"

பொட்டலக்காரர் ஒரு நிமிடம் தடுமாறினார். அந்தப் பெண்ணின் திங்கட்கிழமை அவர் கண்முன்னால் நின்றது. ஒரு மதியத்தில் எண் பழையபடி ஏறிவிடும். யாருக்கும் தெரியாது. மனைவிக்குக்கூட.

இல்லை, மனைவிக்குத் தெரியும். எந்த நேரத்துல எடுத்தாங்க, எந்தத் தெருவுல எடுத்தாங்க என்று இரண்டே கேள்வியில் கறந்துவிடுவார்.

"வேண்டாம் மாப்ள. நீ அமுக்கினாலும் என் மெஷின் அமுக்கினாலும் ஒண்ணுதான்."

"இப்படிச் சொல்லி ஒரு மனுஷனை அவமானப்படுத்தக் கூடாது மாமா" என்று சொல்லி, மச்சினன் டீ வரவழைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பொட்டலக்காரர் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனார். போனில் சொல்கிற விஷயம் இல்லை என்று பட்டது. லிப்டில் ஏறும்போதே கூட ஏறியவர், "நீங்க கணக்கு வீட்டுக்கா?" என்று கேட்டு, சரியான மாடியின் பொத்தானை அவரே அழுத்தினார்.

சின்னக் கூடம். சுவரில் குழந்தை எட்டுகிற உயரம் வரைக்கும் கிறுக்கல். மேசைமேல் ஷூ லேஸ்களால் முடிச்சுகள் போட்டு அட்டையில் ஒட்டி வரிசையாக வைத்திருந்தது. கணவர் ஏணிமேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் துணி இருந்ததால் தலையால் வரவேற்றார். மாமியார் டீயும் பிஸ்கட்டும் வைத்தார்.

"உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன் தம்பி. இப்போ எண்ணிக்கை எவ்வளவு?"

"அதைச் சொல்லத்தாம்மா வந்தேன்."

எங்கே தொடங்குவது என்று தெரியாமல், ரத்தத்தில் தொடங்கினார். மனைவியின் பரிசோதனைக் கூடம், காலையில் ஓட்டுகிற குழாய், நோயாளிக் கணக்கு எல்லாவற்றையும் சொன்னார். மாமியார் முகம் வெளுத்தது. "ஐயோ, உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்றார். பொட்டலக்காரர், "உடம்பு இல்லம்மா, எண்ணிக்கை" என்று சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது என்பது, அவர் ஒரு ஷூ லேஸை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கியதிலிருந்து தெரிந்தது.

"எல்லாமே உங்க மெஷின்தானா அண்ணா?"

"தப்பு என்னோடதும்மா. நான் பாத்திருக்கணும். என் எழுத்துக்காகத்தான் எடுக்கிறாங்கன்னு நினைச்சேன்." டீயைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. இதற்காகவே பத்திரமாக வைத்திருந்ததை இப்போது வெளியில் எடுத்தார். "ஆனா ஒண்ணு இருக்கு. ஒருத்தர் நிஜமாவே எடுத்திருக்கார். அது என் மெஷின் இல்ல, நல்லா பாத்துட்டேன்."

விசிறி துடைப்பது நின்றது. "யாரு?" என்றார் மாமியார்.

"தெரியலம்மா. போன மாசம், ஒரு புதன்கிழமை மதியம்."

"சாப்பாட்டு நேரமா?" என்றார் அந்தப் பெண்.

"ஆமா, கிட்டத்தட்ட."

"அது நான்தான் அண்ணா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏறுதான்னு எடுத்துப் பாத்தேன்."

கூடத்தில் யாரும் யாரையும் பார்க்காமல் எங்கெங்கோ பார்த்தார்கள். ஏணிமேல் இருந்தவர், நல்ல மனுஷர், மறுபடி துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த றெக்கையை.

"அப்போ ஒருத்தருமே இல்லையா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். தினமும் போட்டுப் பாக்குறோம். மத்த பொட்டலமெல்லாம் என்னைக்காவது ஒரு நாள் படுத்துக்கும். இவங்களோடது ஒரு நாள்கூட மக்கர் பண்ணதில்ல."

மாமியார் யோசித்தார். "கெடாத சரக்குன்னா அவசரம் எதுக்கு? மெதுவா போகட்டுமே."

அந்தப் பெண் சிரித்தார். ஆனால் அது கண் வரைக்கும் ஏறவில்லை. "யாரும் எடுக்காததுக்கு எதுக்கு அத்தை அடுத்த பதிப்பு? நாளைக்கு ஆபீஸ்ல சரின்னு சொல்லிடறேன்."

லிப்ட் வரைக்கும் கூட வந்தார். "எண்ணிக்கையைத் திருத்திடுவீங்களா?"

"திருத்தணும்மா."

"திருத்திடுங்க" என்றார். லிப்டின் கதவு மூடுகிறபோது, அவர் விரலில் இன்னும் அந்த லேஸ் சுற்றியிருந்தது.

பொட்டலக்காரர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசை மூலையில் உட்கார்ந்தார். பழைய அறிமுகத்தை முழுதாக அழித்தார். தரகரை எழுப்பிப் பார்த்தார், அவர் வரவில்லை. ஆகவே இருப்பதை இருப்பதுபோல் எழுதினார்.

"முடிச்சுத் தொகுப்பு. இதுவரை இதை வெளியாள் ஒருவர்கூடப் பயன்படுத்தியதில்லை. முன்பு இங்கே இருந்த எண் எங்கள் சோதனைக் கணினிகளுடையது, தவறு என்னுடையது. கணினிகளுக்கு இதன்மேல் ஒரு புகாரும் இல்லை. மனிதர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. ஓர் ஆள் தேவை."

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "நீங்க எழுதினதுலேயே இதுதான் உருப்படியா இருக்கு" என்றார். பொட்டலக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு, குழுவுக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை கூடத்தைத் திறந்தார். கணினிகள் வழக்கம்போல் விழித்து, வழக்கம்போல் முடிச்சுப் பொட்டலத்தை இறக்கிக்கொண்டன. இந்த முறை எண்ணில் சேராமல். மின்னஞ்சலைத் திறந்தார். எங்கோ ஒரு தேசத்திலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். திட்டித்தான். பொட்டலக்காரர் முதல் பத்தியை நின்றுகொண்டு படித்தார், இரண்டாவது பத்தியில் உட்கார்ந்தார், மூன்றாவது பத்தியில் எழுந்து கணினி வரிசைகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தார். பிறகு போனை எடுத்தார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"மேலாளர் ரூம் வாசல்ல. உள்ள யாரோ இருக்காங்க. அடுத்தது நான்தான்."

"உள்ள போகாதீங்க! உங்க பொட்டலம் சரியில்லைன்னு ஒருத்தர் திட்டியிருக்கார்!"

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, மிகவும் மெதுவாக, "நிஜ ஆளா அண்ணா?"

"நிஜ ஆள்தான். மெஷினுக்கு இவ்வளவு கோவம் வராது."

"படிங்க."

"கொஞ்சம் கடுமையா இருக்கும்மா."

"பரவாயில்ல. ஒரு வார்த்தை விடாம படிங்க."

படித்தார். அந்த ஆள் ஒரு வலக்கை முடிச்சைக் கொடுத்திருக்கிறார். விடை சரியாக வந்திருக்கிறது. ஆனால் கூடவே தொகுப்பு வரைந்து காட்டிய படத்தில் அது இடக்கை முடிச்சாக இருந்திருக்கிறது, கண்ணாடியில் பார்த்ததுபோல. முடிச்சுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வலது காலுக்கு இடது செருப்பைக் கொடுப்பது மாதிரி.

"ஐயோ!" என்றார் அந்தப் பெண். "கயிறு குறுக்கே போற இடத்துலயெல்லாம் மேலயும் கீழயும் மாத்தி வரைஞ்சிருக்கேன்! எப்படி இத்தனை நாளா தெரியாம போச்சு?"

"என் மெஷின் விடையைத்தான் சரிபாக்கும். அதுக்குப் படம் பாக்கத் தெரியாதும்மா."

"வேற என்ன சொல்றார்?"

"கடைசியில இப்படி முடிச்சிருக்கார். 'இவ்வளவு அழகான கணக்குக்கு இவ்வளவு கேவலமான படமா?'"

"முதல் பாதியை இன்னொரு தடவை படிங்க."

படித்தார். இன்னொரு தடவையும் கேட்டார். இன்னொரு தடவையும் படித்தார். அதற்குள் ஒரு கதவு திறக்கிற சத்தமும், "வாங்கம்மா" என்று ஒரு குரலும் கேட்டன. போன் அணைந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு மாமியார் சொல்லித்தான் தெரிந்தது. இந்த வருஷம் முடியாது, சாயங்காலத்துல ஒரு ரிப்பேர் வேலை இருக்கு, என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் ஆகும் என்று மேலாளர் கேட்டதற்கு, ஆள் இன்னும் என்னென்ன குறை சொல்கிறார் என்பதைப் பொறுத்தது என்று பதில். மேலாளர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தலையைச் சொறிந்திருக்கிறார்.

"ஒருத்தர் திட்டினதுக்காகவா வேண்டாம்னு சொல்லிட்டு வந்தே?" என்று மாமியார் கேட்டாராம்.

"அத்தை, தினமும் எடுக்கிறாங்கன்னு சொன்னோமே, அத்தனை பேர்ல ஒருத்தராவது ஒரு குறை சொன்னாங்களா? அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். மனுஷங்களா இருந்தா சும்மா இருப்பாங்களா?"

படம் நேரானது. அந்த ஆள் திருப்தி அடையவில்லை; கோடுகள் மெல்லியதாக இருக்கின்றன என்று அடுத்து எழுதினார். அவரோடு சண்டை போட வந்த இன்னொருவர், மெல்லியதுதான் அழகு, ஆனால் விளக்கக் குறிப்பு மட்டம் என்றார். முடிச்சுப் பொட்டலத்தின் கீழே இருக்கிற எண் இப்போது ரொம்பச் சின்னது. பொட்டலக்காரர் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

செல்போன் கடையில் அந்தப் பழைய அம்மாள் மறுபடி விசாரித்தார். "மாமா இப்போ எப்படி இருக்கார்?"

"ரொம்ப சந்தோஷமா இருக்கார்" என்றான் மச்சினன். "யாரோ திட்டி எழுதியிருக்காங்களாம். அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டு இருக்கார்."

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் மணி அடித்தது. பொட்டலக்காரர் கதவைத் திறந்தார். இந்த முறை இரண்டு பை பழம்.